பெரட்டு நேரத்து அதிர்வு

அந்த ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோவில் மண்டபத்தில் இருந்தவர்கள் இவர்கள்: கோவில் கமிட்டித் தலைவர் வீரய்யா, செயலாளர் திலக்ஷன், பூசாரி மூக்கன், இடது கையில் மாவுக்கட்டோடு அழகம்மா, அவளைக் கைத்தாங்கலாக அழைத்து வந்த மகள் பிரியந்தி, நான். தாங்களும் அங்கே இருந்ததாகப் பின்னாளில் பலர் சொல்லிக்கொண்டார்கள். இருக்கவில்லை. என் மகன் ஜீவராஜும் இருக்கவில்லை. அவன் இருந்திருக்க வேண்டும்.

என் பெயர் அங்கமுத்து. நோர்வூட்டுக்கு மேலே உள்ள இந்தத் தேயிலைத் தோட்டத்தில் வெளிவேலையை மேற்பார்க்கும் கண்டாக்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். விடிந்ததும் ஆட்கள் கூடும் பெரட்டில் நின்று, இன்னார் இன்ன மலைக்கு என்று பிரித்து அனுப்பியவன். இன்றும் என்னைக் கண்டாக்கையா என்றுதான் கூப்பிடுகிறார்கள். என் தாத்தா சின்னக்கருப்பன், கடல் கடந்து ஆட்களைக் கூட்டி வந்து வேலை வாங்கிய கங்காணி. இந்தக் கோவிலுக்கு முதல் கல் எடுத்து வைத்தவர் அவர். அதனால் திருவிழாவில் அம்மனுக்குச் சாத்திய மாலையும் தேங்காயும் வெற்றிலையும் வைத்த முதல் காளாஞ்சித் தட்டு எங்கள் வீட்டுக்கு வரும். என் தகப்பனார் காலத்திலும் வந்தது. என் காலத்திலும் வந்தது. அந்த வருடத் தை மாதம் வரைக்கும் அதில் யாருக்கும் பேச்சிருக்கவில்லை.

கோவில் வாசலில் இருந்த வளைவு எங்கள் உபயம். தாத்தாவின் ஞாபகார்த்தமாகப் அதற்கு முந்தைய வருடம் கும்பாபிஷேகத்துக்கு முன் கட்டிக் கொடுத்தோம். கொழும்பில் கட்டட வேலைகளை எடுத்துச் செய்யும் என் மகன் தானே நின்று கட்டினான். இரண்டு தூண்கள், மேலே வளைவு, இரு பக்கமும் சுதையில் இரண்டு சிங்கங்கள், நடுவில் தாத்தாவின் பெயர். தைப்பொங்கல் கழிந்து ஒரு காலை, பெண்கள் பெரட்டுக்குப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் வளைவு விரிசல் விட்டு வெடித்தது. இடது தூண் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சிங்கத்தின் தலை உடைந்து அழகம்மா மேல் விழுந்தது. டிக்கோயா ஆஸ்பத்திரியில் அவள் கைக்குக் கட்டுப் போட்டார்கள்.

அதற்குப் பிறகு தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு லயம் ஒரே பேச்சுதான். கங்காணி பேரன் மகன் ஆத்தாளுக்குக் கட்டும்போதே சீமெந்தைத் தின்றுவிட்டான் என்றார்கள். நான் கடைக்குப் போனால் பேச்சு நின்றது. கமிட்டி கூடி, அந்த வருடம் முதல் காளாஞ்சியை நிறுத்தி வைப்பதாக முடிவு செய்து, அதை வீரய்யாவே வந்து என் வாசலில் நின்று சொன்னார். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. ஜீவராஜிடம் தொலைபேசியில் சொன்னேன். "அந்த ஊருக்கு இனி நான் வரமாட்டேன்பா" என்றான்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். எங்களைக் கூட்டியவன் திலக்ஷன். நோர்வூட் டவுனில் போன் கடை வைத்திருக்கிறான். பின்னேரத்தில் ஹட்டனில் கணினி வகுப்புக்கும் போகிறான். அவன் முகம் முழுக்கச் சிரிப்பு.

"ஐயா, எல்லாரும் இதைப் பாருங்க. நாட்டுல எங்க பூமி அதிர்ந்தாலும் இந்தப் பதிவுல ஏறிரும். வருஷக் கணக்கா ஏத்தி வச்சிருக்காங்க. யாரு வேணும்னாலும் எடுத்து ஆராயலாம். எங்க வகுப்புல இதைத்தான் வேலையாக் குடுத்தாங்க. நம்ம ஊரு பேரு எங்கயாச்சும் இருக்கான்னு சும்மா தேடுனேன்" என்று போனை வீரய்யாவின் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"கண்ணாடி இல்லடா. வாசி."

திலக்ஷன் வாசித்தான். வளைவு வெடித்த அதே திகதி. நேரம் ஆறு முப்பத்தொன்று. இடம் நோர்வூட்டுக்குத் தெற்கே. அளவு ஒன்று தசம் எட்டு.

"ஆறரையா? அது பெரட்டுக்குப் போற நேரமாச்சே" என்றார் வீரய்யா.

"நான் அடி வாங்குன நேரம்னு சொல்லுங்க தலைவரே" என்றாள் அழகம்மா.

பூசாரி மூக்கன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பூமாதேவி அசைஞ்சிருக்கா. இது மனுஷ குத்தமில்ல."

"பூமி ஆடுனா மொதல்ல காலுக்குத்தானே தெரியும்?" என்றாள் அழகம்மா. "செருப்பில்லாம நடக்கிறவளுங்க நாங்க. இருவது பேரு போனோம். ஒருத்தி காலுக்கும் தெரியலயே."

"ஒனக்கு ஒடிஞ்சது கையி. காலைப் பத்தி ஏன் பேசுற?" என்றார் வீரய்யா. எல்லோரும் சிரித்தார்கள். அழகம்மாவும் சிரித்தாள். "சரிதான். சிங்கம் அடிச்சுக் கை ஒடிஞ்சவ இந்தச் சில்லாவுலயே நான் ஒருத்திதான்."

வீரய்யா எழுந்து நின்றார். தொழிற்சங்கத்தில் பல காலம் தலைவராக இருந்தவர். பேசுவதற்கு எழுந்து நிற்கும் பழக்கம் போகவில்லை.

"கண்டாக்கையா, எங்க தாத்தனை உங்க தாத்தா இந்த மலைக்கு நடத்திக் கூட்டிட்டு வந்தாரு. அதுல எனக்கு ஒரு கணக்கு இருக்கு, அதை விட மாட்டேன். ஆனா இதுல நாங்க பேசினது தப்பு. கமிட்டி சார்பா மன்னிச்சுக்குங்க. காளாஞ்சி உங்களுக்குத்தான். தம்பியைக் குடும்பத்தோட வந்து வாங்கிக்கிடச் சொல்லுங்க."

வெடிப்பை அடைத்துப் பூசி, சாயம் அடித்து, வழக்கம்போல் தேரை வளைவுக்குக் கீழே கொண்டு வருவது என்று முடிவாயிற்று. என் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறினேன். பாதி வழியில் மூச்சு வாங்க நிற்பது வழக்கம். அன்று நிற்கவில்லை.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். திலக்ஷன் வாசித்த அந்தப் பதிவு என் வீட்டிலிருந்துதான் போனது. சில வருடங்களுக்கு முன் மலைநாட்டில் அங்கங்கே சின்ன அதிர்வுகள் உணரப்பட்டபோது, கருவி வைக்க நல்ல இடம் தேடி அதிகாரிகள் வந்தார்கள். தோட்டத்தில் பல இடம் பார்த்துவிட்டுக் கடைசியில் என் வீட்டுக்கு வந்து நின்றார்கள். என் தாத்தா மண் மேல் வீடு கட்டவில்லை. கோவிலுக்கு நேர் மேலே, பாறை வெளியே தெரியும் இடமாகப் பார்த்து, அந்தப் பாறையையே தரையாக வைத்துக் கட்டினார். பின்னறையில் தரையைத் தட்டிப் பார்த்த அதிகாரி, "இதுதான் ஐயா எங்களுக்கு வேணும்" என்றார். சோற்றுப் பானை அளவில் ஒரு கருவியை அங்கே பாறையில் பதித்தார்கள். கூரையில் சூரிய ஒளித் தகடும் ஒரு கம்பியும் வைத்தார்கள். பூமி எங்கே அசைந்தாலும் அது இரவு பகலாகக் கேட்டு, கண்டிக்குப் பக்கத்தில் இருக்கும் அலுவலகத்துக்கு அனுப்பும். அந்த நிலையத்துக்கு எங்கள் தோட்டத்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள். இந்த நாட்டின் அதிர்வுப் பதிவில் எங்கள் வீட்டுக்கும் ஒரு பங்கு உண்டு என்று நான் யாரிடமும் பெருமை பேசியதில்லை. ஆனால் விருந்தாளி யாராவது வந்தால் பின்னறைக் கதவைத் திறந்தே வைப்பேன்.

விருந்தாளிகள் வருவது குறைவு. என் மனைவி போன பிறகு வீட்டில் நானும் அந்தக் கருவியும்தான். அது பேசாது. எனக்கும் பேச்சு அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை.

அன்று பின்னேரம் ஜீவராஜை அழைத்தேன். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தான். தை மாதத்துக்குப் பிறகு அவன் சிரித்ததை அன்றுதான் கேட்டேன்.

"நான் அப்பவே சொல்லலயாப்பா? நம்ம மேல தப்பில்லன்னு. திருவிழாவுக்கு எல்லாரும் வர்றோம். ஒரு வாரம் நிக்கிறோம். இந்தாங்க, லோஜினிகிட்ட பேசுங்க."

லோஜினி என் மூத்த பேத்தி. "தாத்தா, நான் தேர் இழுக்கணும். முன்னாடி நின்னு இழுக்கணும். அப்பாகிட்ட சொல்லிருங்க."

"முன்னால் பெரியவர்கள் நிற்பார்கள். நீ என் பக்கத்தில் நில்."

"அப்ப நீங்க முன்னாடி நில்லுங்க. நான் உங்க பக்கத்துல நிக்கிறேன்."

மறுநாள் டவுனுக்குப் போய் இரண்டு புதுப் பாய்களும் சின்னப் பிள்ளைகளுக்கான தலையணைகளும் வாங்கினேன். ஆள் வைத்து முன்னறைக்குச் சுண்ணாம்பு அடித்தேன். கடைக்காரர் லாபிர், "விசேஷம் என்ன கண்டாக்கர், கலியாணமா?" என்று கேட்டார். "மகன் வருகிறான்" என்றேன். அதைச் சொல்லத்தான் அங்கே போனேன் என்று சொன்னாலும் பிழையில்லை.

புதன்கிழமை ரிஸ்னா வந்தாள். கம்பளைப் பக்கத்துப் பிள்ளை. அலுவலகத்தில் அதிர்வுப் பதிவுகளைப் பகுத்துப் பார்ப்பது அவள் வேலை. சில மாதங்களுக்கு ஒருமுறை பற்றரி மாற்றவும் கருவியைச் சரிபார்க்கவும் சாரதியோடு ஜீப்பில் வருவாள். சாரதி வாசலில் நின்று வாகனத்தைத் துடைத்தான். நான் பிளேன்டீ போட்டு வைத்தேன். அவள் வேலையை முடித்துவிட்டு மடிக்கணினியைத் திறந்து, கருவி சரியாக எழுதுகிறதா என்று பார்த்தாள். திரையில் ஒரு கோடு நேராகப் போய்க்கொண்டிருந்தது. நடுநடுவே சின்னச் சின்னப் புள்ளி போல் துடித்தது.

"அது என்னம்மா?"

"அது நீங்க ஐயா." அவள் சிரித்தாள். "இப்ப குசினியிலருந்து டீ கொண்டாந்தீங்களே, அதான். ஒவ்வொரு நாளும் இப்பிடித்தான். காலையில அறையிலருந்து குசினிக்கு. பொறகு வாசலுக்கு. அங்க கொஞ்ச நேரம் நிப்பீங்க. திரும்பி வருவீங்க. பின்னேரமும் அதே மாதிரி."

எனக்கு அது பிடிக்கவில்லை. ஒரு மனிதன் தன் வீட்டில் நடப்பதை இன்னொருவர் கண்டிக்குப் பக்கத்தில் இருந்து பார்க்கிறார் என்பது மரியாதையான விஷயமாகத் தோன்றவில்லை. ஆனால் அவள் அதை மரியாதையோடுதான் சொன்னாள்.

"மலைநாட்டுலயே இதுதான் எங்களுக்கு நல்ல ஸ்டேஷன் ஐயா. ஒபிஸ்ல எல்லாரும் செல்லுவாங்க. மத்த இடத்துல மெஷின் ஓடும், லொறி போகும், பிள்ளைகள் பாயும். இங்க சத்தமே இல்ல. தீபாவளிக்கு மட்டும் மூணு நாலு நாள் பாவிக்க ஏலாமப் போச்சு. என்ன நடந்த?"

"பேரப் பிள்ளைகள் வந்திருந்தார்கள்."

"ஆ, அதான் அந்தத் துள்ளல். அந்த நாள எல்லாம் நாங்க கணக்குலருந்து கழிச்சிட்டோம்."

நான் டீக்கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினேன். பிறகு, அவளுக்கும் தெரியட்டும் என்றுதான், தை மாதத்து அதிர்வைப் பற்றிக் கேட்டேன். எங்கள் கோவில் வளைவையே வெடிக்க வைத்த அதிர்வு, பெரட்டு நேரத்தில் வந்தது, உங்கள் பதிவிலேயே இருக்கிறது என்றேன்.

அவள் தேடி எடுத்தாள். "ஓ, இதுவா? ஆறு முப்பத்தொண்டு. இது காலையில இல்ல ஐயா. பதிவெல்லாம் உலக நேரத்துலதான் வைப்போம். எல்லா நாட்டுப் பதிவோடயும் ஒத்துப் பார்க்கணுமே. எங்கட நேரத்துக்கு அஞ்சரை மணித்தியாலம் கூட்டணும். இது வந்தது பகல் பன்னிரண்டுக்கு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"அன்று காலையைக் காட்டு" என்றேன். "நம் நேரப்படி ஆறரை."

அவள் காட்டினாள். கோடு ஏறக்குறைய நேராக இருந்தது. ஒரு பக்கத்தில் மட்டும் எறும்பு ஊர்ந்தது போல் நுணுக்கமாகத் துடித்தது.

"பூமி அதிர்ந்தா முதல்ல ஒரு சின்னத் தட்டு வரும். பொறகு பெரிய தட்டு. உள்ளருந்து ரெண்டு அலை ஒண்டுக்குப் பின்னால ஒண்டு வாறது. இதுல அப்பிடி ஒண்டும் இல்ல. இது மனுஷர் நடக்கிறது. நிறையப் பேர். கீழ் ரோட்டால."

"பெரட்டுக்குப் போகிறார்கள்."

"இந்த இடத்துல சின்னதா ஒரு குத்து. பாரமா ஏதோ விழுந்தீக்கி. அதுக்குப் பொறகு கொஞ்சம் ஒண்டுமே இல்ல. எல்லாரும் நிண்டுட்டாங்க போல. பொறகு ஓடுறாங்க."

அந்தச் சின்னக் குத்து சிங்கத்தின் தலை. ஓடியவர்கள் அழகம்மாவிடம் ஓடியவர்கள். வெடித்தது வளைவு மட்டும்தான். அதற்குக் கீழே பூமி அசையாமல் இருந்திருக்கிறது.

"பகல் வந்த அதிர்வு ஒரு சுவரை வெடிக்க வைக்குமா?"

"இந்த அளவுக்கா? சன்னல் கண்ணாடி லேசாக் கிறுகிறுக்கும். தட்டுமுட்டுச் சாமான் ஆடும். அவ்வளவுதான். உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே?"

தெரிந்திருந்தது. அன்று பகல் அழகம்மாவை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்து தனியாகச் சாப்பிட உட்கார்ந்தேன். தம்ளரைக் கையில் எடுத்தபோது தண்ணீர் நடுங்கியது. என் கைதான் நடுங்குகிறது என்று நினைத்தேன். வயதாகிவிட்டது, இதை யாரும் பார்க்கக் கூடாது என்று தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டேன். பார்ப்பதற்கு வீட்டில் யாரும் இல்லை.

"ஏதும் பிரச்சினையா ஐயா?" என்று ரிஸ்னா கேட்டாள்.

"இல்லை. டீ ஆறுகிறது."

அவள் போன பிறகு நெடுநேரம் வாசலில் நின்றேன். கீழே வளைவுக்கு மூங்கில் சாரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் சொன்னது எனக்கும் அவளுக்கும் மட்டுமே தெரியும். அவளுக்கு அதன் அர்த்தம் தெரியாது. இனி சில மாதங்களுக்கு வரவும் மாட்டாள். நான் வாயைத் திறக்காவிட்டால் காளாஞ்சி வரும். முன்னறையில் பிள்ளைகள் ஓடுவார்கள். அந்த நாட்களை ரிஸ்னாவின் ஆட்கள் பதிவிலிருந்து கழிக்க வேண்டி வரும்.

ஜீவராஜை அழைத்தேன்.

"வளைவோட இடது கால் பாறையில இறங்கியிருக்கா?"

"என்னப்பா, திடீர்னு?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"அப்பா, கும்பாபிஷேகத்துக்கு நாள் குறிச்சிட்டாங்க. விடாத மழை. அந்தப் பக்கம் பூரா ரோடு போட்டப்பக் கொட்டுன மண்ணு. தோண்டத் தோண்டத் தண்ணி ஊறுது. பாறை எங்கன்னே தெரியல. கெட்டியா இருந்த எடத்துல நிறுத்திட்டேன். நிக்கும்னுதான் நெனச்சேன். அதுக்குள்ள இந்த பூகம்பம்..."

"பூகம்பம் வந்தது பகல் பன்னிரண்டு மணிக்கு. பதிவுல இருக்கிறது உலக நேரம். வளைவு வெடிச்சப்ப பூமி அசையல."

மறுமுனையில் தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. அவன் எழுந்து வேறு இடத்துக்குப் போயிருக்க வேண்டும்.

"இது யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"அப்ப விடுங்கப்பா. அவங்களே மன்னிப்புக் கேட்டுட்டாங்க. கவர்மெண்ட் பதிவே நம்ம பக்கம் இருக்கு. வாழ்நாள் பூரா குடும்பப் பேரு குடும்பப் பேருன்னு சொல்லிச் சொல்லியே வளர்த்தீங்க. இப்ப அதை நீங்களே ரோட்டுல போடப் போறீங்களா?"

"வளைவுல எழுதியிருக்கிறது என் தாத்தா பேரு. அது ஒரு பொய்யில தொங்கக் கூடாது."

"அப்ப என் பேரு?"

அவன் என் ஒரே மகன். மழையில் குடையில்லாமல் நின்று அந்த வளைவைக் கட்டியதை நான் என் வாசலில் நின்று பார்த்தவன். வேகமாக முடிக்கிறான் என்று பெருமைப்பட்டவன்.

"எந்த மூஞ்சியோட பிள்ளைங்களை அங்க கூட்டிட்டு வர்றது?" என்றான்.

வா என்று சொல்ல விரும்பினேன். எல்லாம் சொன்ன பிறகும் வா, நான் உன் பக்கத்தில் நிற்கிறேன் என்று. என் தகப்பனார் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. எனக்கும் அந்தச் சொற்கள் வரவில்லை. நான் சொன்னது இதுதான்:

"தேர் அதுக்குக் கீழதான் போகும். லோஜினி முன்னால நின்னு இழுக்கணும்னு சொன்னா."

அவன் அழைப்பைத் துண்டித்துவிட்டான்.

மறுநாள் பெரட்டு நேரத்துக்கு இறங்கிப் போனேன். வேண்டுமென்றேதான் அந்த நேரத்தில் போனேன். வளைவின் கீழே வீரய்யாவும் திலக்ஷனும் நின்று சாரக்காரர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் கூடையோடு போய்க்கொண்டிருந்தார்கள். கை கட்டோடு அழகம்மா கோவில் படியில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களை வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தாள்.

"சாரத்தைப் பிரிக்கச் சொல்லுங்கள்" என்றேன். "வளைவை இடிக்க வேண்டும்."

சொல்ல வேண்டியதைச் சொன்னேன். உலக நேரம், பகல் பன்னிரண்டு, பாறையில் இறங்காத இடது கால். திலக்ஷன் போனை எடுத்துப் பார்த்தான். நெற்றியில் அறைந்துகொண்டான். "ஐயோ, மேலயே போட்டிருக்கு. உலக நேரம்னு மேலயே போட்டிருக்கு. ஆறரைன்னு பார்த்ததும் எனக்கு பெரட்டுதான் ஞாபகம் வந்துச்சு."

"எல்லோருக்கும் அதுதான் வந்தது. எனக்கும்" என்றேன்.

வீரய்யா என்னை ஓரமாக இழுத்தார். சின்னக் குரலில் பேசினார். "யாரு கேட்டா உங்ககிட்ட? நாங்கதான் முடிச்சிட்டமே. பேசாம இருந்திருக்கலாம்ல? தம்பி இனி இந்தப் பக்கம் எப்புடி வரும்?"

"பேசாமல் இருந்திருந்தால் தேர் இதற்குக் கீழே போயிருக்கும்."

அவர் வளைவை நிமிர்ந்து பார்த்தார். தேர் வடத்தைப் பிடித்துக்கொண்டு அதற்குக் கீழே எத்தனை பிள்ளைகள் போவார்கள் என்று அவருக்கும் தெரியும். பிறகு சாரக்காரர்களைக் கை காட்டி நிறுத்தினார்.

அழகம்மா படியில் இருந்தபடியே சத்தமாகக் கேட்டாள். "அப்ப கண்டாக்கையா, என் கைய ஒடிச்சது பூமாதேவி இல்ல. ஒங்க மகன்?"

கூடையோடு போனவர்கள் எல்லோரும் நின்றார்கள். எத்தனையோ வருடம் இதே ரோட்டில், இதே நேரத்தில், இந்தப் பெண்களை நிறுத்திக் கேள்வி கேட்டவன் நான். பதில் சொல்லிப் பழக்கமில்லை.

"ஆமாம்" என்றேன்.

அவள் கட்டுக் கையை மடியில் மாற்றி வைத்துக்கொண்டாள். "சரி. அப்ப ஆத்தா மேல போட்ட கேஸை வாபஸ் வாங்கிக்கிறேன். பாவம், அவளை என்னென்னவோ பேசிட்டேன்." பெண்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஆனால் மேட்டில் ஏறும்போது பிரியந்தி பின்னால் ஓடி வந்து, "அம்மா குடுக்கச் சொன்னாங்க" என்று ஒரு பொட்டலத்தில் ரொட்டியும் சம்பலும் தந்தாள். வாங்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை இடித்தார்கள். கடப்பாரையும் சம்மட்டியுமாக ஒரு முழுப் பகல் வேலை. தாத்தாவின் பெயர் இருந்த பலகையை உடையாமல் இறக்கச் சொல்லி, நானே துண்டால் துடைத்து, வீட்டுக்கு எடுத்து வரச் செய்தேன். இடது தூணைத் தோண்டியபோது அது மண்ணிலும் உடைந்த செங்கல்லிலும் நின்றது எல்லோருக்கும் தெரிந்தது. பாறை அதற்குக் கீழேதான் இருந்தது. அவ்வளவு ஆழமும் இல்லை.

தூண் விழுந்ததும் என் போன் அடித்தது. ரிஸ்னா.

"ஐயா, அங்க என்ன நடக்குது? கோடெல்லாம் துள்ளுது."

"வளைவை இடிக்கிறோம் அம்மா. அதை அதிர்வு என்று பதிவில் ஏற்றிவிடாதீர்கள்."

"ஏத்த மாட்டோம். வேறயாக் குறிச்சு வைப்போம்."

"என்னவென்று குறிப்பீர்கள்?"

"மனுஷர் செஞ்சதுன்னு" என்றாள்.

அந்த வருடம் முதல் காளாஞ்சி எங்கள் வீட்டுக்கு வேண்டாம் என்று நானே சொல்லி அனுப்பினேன். யாருக்குக் கொடுத்தார்கள் என்று விசாரிக்கவில்லை. தேர் வளைவு இல்லாத வாசலால் வெளியே வந்தது. பிள்ளைகள் முன்னால் நின்று இழுத்தார்கள். என் வாசலில் நின்று பார்த்தேன். தேர் டவுன் பக்கம் திரும்பும் வரை நின்றுவிட்டு, குசினிக்குப் போய்த் தேநீர் போட்டேன். முன்னறையில் புதுப் பாய்கள் சுருட்டியபடியே சுவரில் சாய்ந்திருந்தன. அன்று என் வீட்டுக்குள்ளிருந்து கழிக்க ரிஸ்னாவின் ஆட்களுக்கு எதுவும் இருந்திருக்காது.

நோர்வூட்டிலிருந்து மஸ்கெலியா போகும் பஸ்ஸில், கங்காணி வீட்டு வளைவு பூகம்பத்தில் விழுந்தது என்று இன்றும் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. அன்று காலை பூமி அசையவில்லை. வளைவு விழவுமில்லை. என் மகன் சரியாகக் கட்டாததால் நாங்கள் இடித்தோம்.